நர்சம்மா எண்ணில் மீன் குழம்பு

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் வலது பக்கம் பிரிந்து உள்ளே போனால், கழுவேலி ஏரிக்கரையில் ஒரு கிராமம் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரையும் ஆளையும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த ஊர் நர்சம்மா இதை எழுத அனுமதி கொடுத்தார். ஏன் அந்த நிபந்தனை என்பது போகப் போகத் தெரியும்.

நான் விழுப்புரத்தில் ஒரு நாளிதழில் இருபத்தோரு வருடம் செய்தி திருத்தும் மேசையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது திண்டிவனத்தில் வீட்டோடு இருப்பவள். அந்தக் கிராமத்து நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை என் கல்லூரித் தோழி. ஒருநாள் போன் செய்து, "ஒரு நோட்டீஸ் எழுதணும், வாயேன்" என்றாள்.

விஷயம் இதுதான். குளிர்காலத்தில் அந்த ஏரிக்குப் பறவைகள் வருகின்றன. பறவைகளைப் பார்க்க சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார்கள் வருகின்றன. வருகிறவர்கள் கரையில் வண்டியை நிறுத்தி, படம் எடுத்து, டீ கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள். இன்னொரு பக்கம், ஊர்ப் பள்ளியில் எட்டாவது வரைதான் இருக்கிறது. ஒன்பதாவதுக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் நேரம் ஒத்துவராததால் வருடத்துக்கு இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த தாய்மார்கள் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது, அதில் கிடைப்பதை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஷேர் ஆட்டோ அமர்த்துவது.

கூட்டம் எட்டாம் வகுப்பறையில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் எல்லோரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். சமையலுக்குத் தலைமை தாங்கியவர் நாற்பது வயதுப் பெண்மணி, குரல் ஏரியின் அக்கரைக்குக் கேட்கும். "இறாத் தொக்கு, மீன் கொழம்பு, காலையில கேப்ப அட, மல்லாட்ட சட்னி. வேற எதுவும் கேட்டா இல்லன்னு சொல்லிருவோம்" என்று கேழ்வரகு அடை, வேர்க்கடலைச் சட்னி வரை பட்டியலை அவரே முடித்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு பெண், ஏறக்குறைய அதே வயது, சாதாரணச் சேலை, கையில் பிள்ளைகளுக்கான மாத்திரைப் பெட்டி. பள்ளியோடு ஒரே மதில் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் துணை சுகாதார நிலையத்தின் நர்சம்மா. "டூரிஸ்ட்டுக்கு மயக்கம் கியக்கம் வந்தா என்னைக் கூப்புடுங்க" என்றார். அவர் பேசியது அவ்வளவுதான்.

கிளம்பும்போது இருவரும், "மேடம், ஒரு மிஸ்டு கால் உடறேன், சேவ் பண்ணிக்குங்க" என்றார்கள். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மிஸ்டு கால். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராகப் பெயர் கேட்பது அவ்வளவு மரியாதை இல்லை. முறை சொன்னால் போதும். என் போனில் பால் அண்ணன் உண்டு, கேஸ் தம்பி உண்டு, கண்டமங்கலம் அத்தை உண்டு. அந்த வரிசையில் "ஏரி அக்கா" என்று ஒன்றும், "ஏரி அக்கா 2" என்று இன்னொன்றும் சேர்ந்தன. எது யார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

நோட்டீஸை ஆசையாகச் செய்தேன். திண்டிவனத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை ஸ்கூட்டரில் போய் அளந்தேன். பூநாரை, கூழைக்கடா என்று பறவைப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மூன்று முறை பிழை திருத்தினேன். கடைசியில், பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று எண்ணுக்கு மேலே "எந்த நேரமும் அழைக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தேன். அச்சில் வரும் எந்தப் போன் எண்ணையும் ஒருமுறை அடித்துப் பார்க்காமல் விடக் கூடாது என்பது எங்கள் மேசையின் முதல் பாடம். அதைச் செய்யாத எத்தனையோ பேரை நானே கடிந்திருக்கிறேன். ஆனால் இது என் சொந்தப் போனில் "ஏரி அக்கா" என்று இருந்த எண்தானே!

விழுப்புரத்தில் அச்சடித்தோம். திண்டிவனம் பஸ் நிலையத்து டீக்கடைகளில், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில், பொம்மையார்பாளையம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்துப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. திரையில் "ஏரி அக்கா" என்று இருந்தது.

"அக்கா, சமையல் ஏற்பாடெல்லாம் ஆச்சா?" என்றேன்.

"மேடம், நான் நர்சு பேசறேன். இன்னா மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான், நோட்டீஸில் நான் போட்டது நர்சம்மாவின் எண் என்று விளங்கியது. காலையிலிருந்து அவருக்கு அழைப்பு மேல் அழைப்பு. முதலில் பேசியவர், "நாங்க ஆறு பேர் வர்றோம், ஞாயித்துக்கிழமை" என்றாராம். "ஆறு பேருக்கும் ஒரே நாள்லயா தேதி குடுத்திருக்காங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். அடுத்தவர் அவசரமாக, "இறால் இருக்கா?" என்றதற்கு, "மொதல்ல எத்தன மாசம்னு சொல்லும்மா, அப்புறம் இன்னா சாப்புடலாம்னு சொல்றேன்" என்று பதில் போயிருக்கிறது. மூன்றாவது ஆள் பூநாரை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டபோதுதான், இது பிரசவ விவகாரம் இல்லை என்று அவருக்கு உறைத்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "நம்பரை மாத்திக்கலாமே அக்கா" என்றேன், அசட்டுத்தனமாக.

"என் நம்பரு அங்கன்வாடி செவுத்துல பெயின்ட்ல எழுதிருக்கு. எல்லா அம்மாங்க அட்டையிலயும் இருக்கு. பாதிப் பேருக்கு மனப்பாடம். நான் மாத்துனா, வலி வர்ற நேரத்துல பழைய நம்பருக்குத்தான அடிப்பாங்க?"

"தெரியாத நம்பரை எடுக்காம விட்டா?"

"நம்ம பொண்ணுங்க பக்கத்து வூட்டு போன், கடக்காரர் போனுன்னு எது கெடைக்குதோ அதுலதான் கூப்புடுவாங்க. எனக்கு எல்லாமே தெரியாத நம்பருதான்."

பிறகுதான் உண்மையான கவலையைச் சொன்னார். ஏரிக்கரை ஓரத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டது. கணவர் திருப்பூரில் வேலை. வீட்டில் மாமியார் மட்டும்தான், அவருக்கும் காது மந்தம். அந்தப் பெண்ணுக்குச் சொந்தப் போன் கிடையாது. ஆம்புலன்சுக்கு அவளாகப் பேசப் பயம். எதுவாக இருந்தாலும் நர்சம்மாவுக்குத்தான் அடிப்பாள். "எப்ப வலி வந்தாலும் கூப்புடு, ஆம்புலன்ஸ் சொல்லி நானும் கூட வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப லைனே கெடைக்கலன்னா அது இன்னா பண்ணும்? ஒரே பேஜாரா இருக்கு மேடம்."

சனிக்கிழமை முழுக்க ஸ்கூட்டரில் சுற்றி, கொடுத்த நோட்டீஸ்களைத் திரும்ப வாங்கினேன். டீக்கடைக்காரர் ஒருவர் அதில் வடை மடித்துக்கொண்டிருந்தார். அச்சுக் காகிதத்தைப் பிடித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் போனதை யாரால் பிடிக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே துணை சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டேன். நர்சம்மாவின் போனை நான் வைத்துக்கொண்டு அழைப்புகளை எடுப்பது, டூரிஸ்ட் என்றால் சரியான எண்ணைக் கொடுத்து அனுப்புவது, ஊர்க்காரர் என்றால் உடனே அவர் கையில் கொடுப்பது. இதுதான் ஏற்பாடு. அவர் பக்கத்து அறையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜல்தியா பேசி வெச்சிருங்க மேடம், லைனு காலியா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

முதல் ஐந்தாறு அழைப்புகளை அப்படியே செய்தேன். அப்புறம் என் வாய் சும்மா இருக்கவில்லை. யாராவது "சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று கேட்டால், மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிச் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த வாசனையை வர்ணிக்க ஆரம்பித்தேன். எந்தப் பறவை எந்தப் பக்கம் நிற்கும், வெயில் ஏறுமுன் ஏன் வர வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். நடுநடுவே காதில் பீப் சத்தம் வந்துகொண்டிருந்தது. இன்னொரு டூரிஸ்ட் என்று நினைத்து, முன்னால் இருப்பவரை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று விட்டுவிட்டேன்.

மணி எட்டிருக்கும். ஓர் ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏரிக்கரையில்தான் நிற்கிறோம், இரண்டு பேர், மீன் குழம்பில் காரம் எப்படி என்று கேட்டார். "கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும் சார், வேணும்னா மோர்..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஏதோ இழுபறிச் சத்தம். அடுத்து ஒரு முதிய பெண்ணின் குரல், போனே தேவையில்லாத அளவுக்கு ஓங்கி வந்தது.

"யாருகிட்ட பேசிக்கினு இருக்கிற? நர்சம்மாகிட்ட பேசணும்! குடு இப்டி! நர்சம்மா! புள்ளைக்கு வலி வந்துட்சி! எம்மா நேரமா அடிக்கிறா, ஒனக்கு லைனே கெடைக்கல!"

நான் எழுந்து ஓடினேன். நர்சம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஆயா, தண்ணி ஒடஞ்சிச்சா?"

"இன்னாது?"

"தண்ணி! ஒடஞ்சிச்சா!"

"ஆ, குடிச்சா, குடிச்சா!"

நர்சம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "போன அந்த சார்கிட்ட குடு ஆயா!" குரல் சட்டென்று மாறியது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, "சார், நீங்க எங்க நிக்கிறீங்க? கார் இருக்கா? அந்த வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துங்க. பின்சீட்டக் காலி பண்ணுங்க. நான் அஞ்சு நிமிஷத்துல வர்றேன். பயப்படாதீங்க" என்றார். வைத்த கையோடு ஆம்புலன்சுக்கு அடித்தார். வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தார்.

நானும் சமையல் அக்காவும் பின்னாலேயே போனோம். அவர் கையில் கரண்டி அப்படியே இருந்தது. அங்கே பார்த்த காட்சி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க இரண்டு பேர், பறவைகளுக்குத் தெரியக் கூடாது என்று தலை முதல் கால் வரை பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட உடை. ஒருவர் காரின் பின்சீட்டிலிருந்து முழங்கை நீளக் கேமரா லென்சுகளை எடுத்துத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அவரே நடுங்கிக்கொண்டிருந்தார். மாமியாருக்கு அவர்கள் யார் என்பதில் குழப்பமே இல்லை. "பட்டாளத்துக்காரங்க வந்துட்டாங்க, இனிமே பயமில்ல" என்று தெருவுக்கே அறிவித்துக்கொண்டிருந்தார்.

நர்சம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆம்புலன்சுக்கு நிக்க வேணாம். இந்த வண்டியிலயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிடலாம். எதுர்ல ஆம்புலன்ஸ் வந்தா மாத்திக்கலாம்" என்றார். அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஒரு சத்தம் போடவில்லை.

கார் கரைமேல் ஏறி ஐம்பது அடி போயிருக்காது, நின்றுவிட்டது. எதிரே இன்னொரு கார், சாலையை அடைத்துக் குறுக்காக. அதன் சொந்தக்காரர் கரைக்குக் கீழே சேற்றில் மண்டியிட்டு, கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு, சத்தம் போடாதீர்கள் என்று எங்களுக்குக் கை காட்டினார்.

சமையல் அக்கா கரண்டியோடு கரையில் இறங்கினார். "யோவ் சாரு! பறவ எங்கயும் போவாது, நாளைக்கும் இங்கதான் நிக்கும்! இந்தப் பொண்ணுதான் போவணும்! வண்டிய எடுய்யா!"

பறவைகள் மொத்தமும் எழும்பிவிட்டன. நூற்றுக்கணக்கில், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. அந்த மனிதர் அதைப் பார்க்கக்கூட நிற்காமல் சேற்றுக் காலோடு ஓடிவந்து வண்டியை எடுத்தார். பாவம், அவர் அன்றைக்கு எடுத்திருக்க வேண்டிய படம் அதுதான்.

கார் போன பிறகு தெருவில் மூன்று லென்சுகளும் ஒரு கேமரா முக்காலியும் நானும் மிச்சம். சமையல் அக்கா குழம்பு அடிபிடித்துவிடும் என்று ஓடிவிட்டார். மாமியாரும் காரிலேயே ஏறிப் போயிருந்தார். நான் வெயிலில் அந்தச் சாமான்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு என் போன் அடித்தது. "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. ஆம்புலன்ஸ் எதுர்ல வந்துச்சி, மாத்தல, கூடவே வந்துட்சி. ஆஸ்பத்திரிக்குள்ள போயி அர மணி நேரந்தான்" என்றார் நர்சம்மா. பிறகு, "அந்தப் பட்டாளத்துல ஒருத்தரு மயங்கி விழுந்துட்டாரு. அவருக்கும் பெட்டு போட்டிருக்கோம்" என்றார். டூரிஸ்ட்டுக்கு மயக்கம் வந்தால் பார்த்துக்கொள்வதாக அவர் முன்பே சொல்லியிருந்தாரே.

மதியம் இருவரும் திரும்பி வந்து, பள்ளி வராண்டாவில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார்கள். மயங்கியவருக்கு மோர் இரண்டு தம்ளர். "சார், காரம் எப்புடி?" என்று சமையல் அக்கா கேட்டார். "தெரியலக்கா, இன்னைக்கு எனக்கு எதுவுமே தெரியல" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் குழந்தையை விசாரிக்க அவர்கள் போன் செய்தார்கள். எந்த எண்ணுக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் தாய்மார்களோடு உட்கார்ந்து, திரும்ப வாங்கிய நோட்டீஸ்களில் சரியான எண்ணை ஒட்டினோம். இந்த முறை எண்ணை அடித்துப் பார்த்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சமையல் அக்காவின் போன் ஒலித்தது. "நல்லா இன்னொரு தடவ அடிச்சிப் பாருங்க மேடம், ஒங்கள நம்ப முடியாது" என்றார். ஜூனில் ஷேர் ஆட்டோ ஓட ஆரம்பித்தது. அந்த வருடம் எட்டாவது முடித்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்பதாவதில் சேர்ந்தார்கள். வாட்ஸ்அப்பில் போன பழைய நோட்டீஸ் மட்டும் இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் நர்சம்மாவுக்கு நாலைந்து அழைப்பு வந்துவிடுகிறது. அவர் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டு, "கரைமேல வண்டிய குறுக்கால நிறுத்தாதீங்க, ஆம்புலன்ஸ் போற வழி" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்கிறாராம். இப்போது கரையில் வண்டிகள் ஓரமாகத்தான் நிற்கின்றன.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது இவை எதுவும் இல்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பார்க்கப் போயிருந்தேன். மாமியார் என்னை உட்கார வைத்து, பட்டாளத்துக் கதையை முதலிலிருந்து சொன்னார். அவர் உள்ளே போன நேரத்தில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குக் காலையில் நர்சம்மா போன் என் கையில்தான் இருந்தது என்றேன். அவளுக்கு அது தெரியாது. ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஏழு தடவ அடிச்சேன்கா, பக்கத்து வூட்டு போன்ல. ஒவ்வொரு தடவையும் வேற ஆளோட பேசிக்கினு இருக்காங்கன்னே வந்துச்சி" என்றாள்.

"அப்பவே வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே, சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "இல்லக்கா. நர்சம்மா இவ்ளோ நேரம் பேசறாங்கன்னா, யாருக்கோ என்ன விட ரொம்ப முடியல போலருக்குன்னு நெனச்சேன். அவங்க முடிச்சிக்கட்டும், அப்புறம் நாம பேசலாம்னு பல்லக் கடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். அத்தைக்குத்தான் பொறுக்கல, தெருவுக்குப் போயிட்டாங்க."

அவள் யாரோ ஒருத்தியின் வலிக்காகத் தன் வலியைப் பொறுத்துக்கொண்டு வழிவிட்ட அந்த நிமிடங்களில், நான் முகம் தெரியாத ஒருவருக்கு மீன் குழம்பின் மணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஊருக்கு நல்லது செய்ய வந்தவள் என்ற நினைப்பு எனக்கு அன்றுவரை இருந்தது. அன்றைக்கு நல்லது செய்தவள் யார் என்பது அந்தப் பெண் சொன்ன பிறகுதான் தெரிந்தது, இன்றும் அதை நினைக்கும்போதெல்லாம் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.